வெயிலில் காய வைக்கலாகாத மின்கலம்

தோட்டங்கள் பலவற்றில் மின்பொறி மாலையில் சில மணி நேரமே ஓடிய காலம் ஒன்று இருந்தது. தம்பின் போன்ற வட்டாரங்களின் லயன் வீடுகளில் அந்நாளில் பாட்டுக் கேட்பதற்குக் கைவானொலியே துணை. அதன் குரல் கம்மத் தொடங்கினால், பேட்டரிக் கட்டைகளைக் கழற்றி வெயிலில் காய வைப்பது பெரியவர்களின் வழக்கம். அஃது அறியாமை அன்று. உலர் மின்கலத்தின் துத்தநாகக் கூடு, உள்ளிருக்கும் இரசாயனப் பசையுடன் வினைபுரிந்து சிறிது சிறிதாகக் கரைவதால் மின்சாரம் பிறக்கிறது. வெப்பம் பட்டால் அவ்வினை விரைவுபடும். எஞ்சிய வலிமை சிறிது நேரத்திற்கு வெளிப்படும்.

இன்று அவ்விடத்தில் கையடக்க இலக்கமுறைப் பாட்டுக் கருவிகளும் கைப்பேசிகளும் வந்துவிட்டன. இவற்றில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். சோனி நிறுவனம் 1991ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த இவ்வகை மின்கலம், கூட்டைக் கரைத்து இயங்குவதன்று. லித்தியம் அயனிகள் இரு முனைகளுக்கிடையே போவதும் மீள்வதுமாக வேலை செய்கிறது. ஆகவே மீண்டும் மீண்டும் மின்னூட்ட இயலுகிறது. எனினும் உள்ளே வேண்டாத இரசாயன மாற்றங்களும் மெல்ல நடந்துகொண்டேயிருக்கும். அவற்றை விரைவுபடுத்துவது வெப்பம். பழைய கட்டைக்குச் சற்று உயிர் தந்த அதே வெயில், புதிய மின்கலத்தின் ஆயுளைக் குடிக்கிறது! செம்பனைக் காட்டோரம் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் கூடையில் நண்பகல்வரை கிடக்கும் கருவியை எண்ணிப் பாருங்கள். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு மின்கலத்தின் கொள்ளளவை நிலையாகக் குறைக்கக்கூடும் என ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது.

அந்நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐபாட், ஒரு மின்னூட்டில் 10 மணி நேரம் பாடும் என்று அறிவிக்கப்பட்டது. 400 முழு மின்னூட்டங்களுக்குப் பின்னரும் ஐபாட் மின்கலம் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைக் காக்குமாறு அமைக்கப்பட்டதாகவும் கூறப்பட்டது. இங்கே ‘முழு மின்னூட்டம்’ என்பதைப் பலர் பிறழ உணர்கின்றனர். இன்று பாதி, நாளை பாதி ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஒன்றாகும். ஆதலால் அடிக்கடி சிறிது சிறிதாக ஏற்றுவதில் தீங்கில்லை. முற்றும் தீர்ந்த பின்னரே ஏற்றவேண்டும் என்பது பழைய நிக்கல் காட்மியம் மின்கலத்துக்குச் சொல்லப்பட்ட அறிவுரை. லித்தியத்துக்கு அது பொருந்தாது. நெடுநாள் பயன்படுத்தாது வைப்பதாயின், பாதியளவு ஏற்றி நிழலான இடத்தில் வைப்பது நன்று.

கருவியின் பிற பாகங்களைப் பொறுத்தவரை, நினைவட்டையில் சுழலும் உறுப்பு ஏதுமில்லாமையால் அது எளிதில் பழுதுறாது. மின்னூட்டும் துளையும் காதொலிக் கம்பியின் துளையுமே முதலில் தளர்வன. வியர்வையும் மழைநீரும் புகாது காக்க வேண்டும். ஆகவே வாங்கும்போது பாட்டின் எண்ணிக்கையை விட, மின்கலத்தை மாற்ற முடியுமா என்பதையே முதலில் கேளுங்கள். பின்மூடி கழலும் சிறிய வானொலிப் பெட்டிகள் பலவற்றில் பி.எல்.5சி என்னும் மின்கலமே உள்ளது; அது தளர்ந்தால் வேறொன்று போட்டுக்கொள்ளலாம். மூடி ஒட்டப்பட்ட கருவியில் மின்கலம் தளர்ந்தால், பெரும்பாலும் கருவியையே ஒதுக்க நேரிடுகிறது.

சிரிம் முத்திரையுள்ள மின்னூட்டியையே பயன்படுத்துங்கள். மின்னூட்டும்போது கருவியைத் தலையணைக்கடியில் வைக்காதீர்கள். மின்கலம் உப்பியிருந்தால் உடனே நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டா, தீப்பிடிக்கக்கூடும். வீட்டுக் குப்பையிலும் போடாமல், மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.