முருங்கனின் மரங்கொத்தி

முருங்கனிலிருந்து கட்டுக்கரைக்குளப் பக்கமாகச் செல்வோர், வயல்வெளி ஒடுங்கிப் பாலையும் வீரையும் முதிரையும் செறியுமிடத்தில், மரத்தை விரைந்து தட்டும் ஓசையைக் கேட்பதுண்டு. அவ்வோசைக்குரியது மரங்கொத்தி என்பதை யாவரும் அறிவர். எவ்வின மரங்கொத்தி என வினவின், பலரும் முதுகின் நிறத்தையே விடையாகக் கூறுவர். நிறமொன்றே தக்க சான்றாகுமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அலகையும் பிடரியையும் நோக்குதல் வேண்டும். வறள்வலயத்தில் வாழும் வெண்பிடரி மரங்கொத்திக்கும் முதுகிற் பொன்னிறம் உண்டு. ஆயின், அதன் அலகு நீண்டு பருத்தது. பிடரியும் மேன்முதுகும் வெண்மையானவை. பெண் பறவையின் கொண்டை மஞ்சள் நிறத்தது. பனந்தோப்புகளிலும் வீட்டு வளவுகளிலும் நாம் பெரிதுங் காணும் பொன்முதுகு மரங்கொத்தியோ சிற்றலகுடையது. அதன் பிடரி கரியது. கரிய தொண்டையில் வெண்புள்ளிகள் விரவியிருக்கும்.

இவற்றைத் தெளிந்த பின்னரே முதுகின் நிறம் பயன்படும். சிற்றலகு மரங்கொத்தியின் முதுகு யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிற் பொன்னிறம், தென்னிலங்கையிற் செந்நிறம். புத்தளம், கெக்கிராவை, திருகோணமலை ஆகியவற்றை அண்டிய பகுதிகளில் இரண்டும் கலந்து, இடைநிறப் பறவைகள் தோன்றுகின்றன. நெடுங்காலமாக இவை ஓரினத்தின் இரு கிளைகளெனக் கருதப்பட்டன. இலங்கை, கனடா ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, உருவத்தையும் மரபணுக்களையும் ஒப்பிட்டு, செம்முதுகு மரங்கொத்தி இலங்கைக்கே உரிய தனியினம் என்பதற்குச் சான்று தந்தது.

முருங்கன் அக்கலப்பெல்லைக்கு வடக்கே உள்ளது. ஆதலின் இங்குப் பொன்முதுகையே எதிர்பார்த்தல் முறை. செம்மஞ்சள் முதுகு தென்படின், அதனைப் பொன்னென்றோ செம்மையென்றோ திரித்தெழுதாது, கண்டவாறே நாளும் இடமுங் குறித்தல் வேண்டும். கலப்பெல்லை நகர்கின்றதா, நிலைத்திருக்கின்றதா என்பதைப் பிற்காலத்தார்க்கு உணர்த்துவன அத்தகைய குறிப்புகளே.

பெயரறிதலோடு நம் கடமை முடிந்துவிடாது. மரங்கொத்தி பட்ட மரத்தையும் உளுத்த கிளையையும் குடைந்து கூடமைக்கின்றது. எறும்பையும் மரப்பட்டைக்கடியிலுள்ள புழுக்களையும் உண்கின்றது. அது விட்டு நீங்கிய பொந்திற் கிளியும் மைனாவும் குடிபுகும். பயனற்றதென விறகுக்கு நாம் வெட்டும் பட்ட மரமொன்று பல உயிர்களின் மனையாகும். ஏட்டிற் பறவையின் பெயரைச் செவ்வனே எழுதும் மாணவர், காட்டில் அம்மரத்தையும் நிற்கவிடுவாராயின், அவர் கற்ற கல்வி பயனுடையதாகும்.