பாடும் பெட்டியும் பாடாப் பெட்டியும்

நுழையும்முன்

நரம்பின் ஒலி மெல்லியது. அதனை அவையோர் அனைவரும் கேட்கச் செய்யும் பணியை நெடுங்காலமாக மரம் ஏற்றுவருகிறது. யாழின் பத்தர் முதல் இன்றைய ஒலிபெருக்கிப் பெட்டி வரை அவ்வுறவு தொடர்கிறது. கிட்டாருக்குரிய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைப் பள்ளியில் மரவேலைச் செயல்திட்டமாக உருவாக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது. நூலில் படித்த ஒலியியலைக் கையால் தொட்டறியும் வாய்ப்பாகவும் அது அமைகிறது.

மாசித் திருவிழாவின்போது திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோவிலுக்குச் செல்லும் வழியில் நடந்து பாருங்கள். திருவிழாத் தெருக்களில் நிற்கும் கருநிற ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கடக்கும்போது, பாடலின் தாழ்ந்த ஒலிகள் காதில் விழுவதோடு நெஞ்சிலும் வந்து மோதும். அப்பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், தாளால் ஆன ஒரு கூம்பு. எஞ்சிய இடம் முழுதும் காற்றுதான். வெறும் காற்றை அடைத்து வைக்க இத்தனை கனமான பெட்டி எதற்கு? இவ்வினாவுக்கு விடை காண நம் பழைய இசைக்கருவிகளிடமிருந்து தொடங்குவது நல்லது.

பத்தரும் குடமும்

பழந்தமிழரின் யாழில் ஒலியைப் பெருக்கிய உறுப்புக்குப் பத்தர் அல்லது பத்தல் என்று பெயர். உள்ளே குடைவான அவ்வுறுப்பின்மேல் தோலைப் போர்த்தினர். நிலத்தில் பதிந்த குளம்புச் சுவட்டைப் பத்தலுக்கு உவமையாகக் கூறுகிறது பொருநராற்றுப்படை. இலக்கியம் கூறும் யாழ்களை இசையிலக்கணத்தோடும் கணக்கோடும் பொருத்தி ஆராய்ந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947ஆம் ஆண்டு வெளிவந்தது.

பத்தர் செய்த பணியை வீணையில் குடம் செய்கிறது. தஞ்சாவூர் வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. முழு வீணையையும் ஒரே மரத்துண்டிலிருந்து கடைந்தெடுத்தால் அதனை ஏகாண்ட வீணை என்பர். 2013ஆம் ஆண்டு தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது. மீட்டிய கம்பியின் அதிர்வு குதிரை வழியாக மேற்பலகைக்குச் செல்கிறது. பலகை அதிர, குடத்தின் உள்ளிருக்கும் காற்றும் அதிர்கிறது. இங்கே மரமே பாடுகிறது எனலாம். மரப்பெட்டியை உடைய கிட்டாரும் இவ்வாறே ஒலிக்கிறது.

மின்கிட்டாரின் நிலை வேறு. அதன் உடல் பெரும்பாலும் குடைவற்ற திண்மரம். கம்பிகளுக்கு அடியில் பொருத்திய காந்தமும் கம்பிச்சுருளும் அவற்றின் அதிர்வை மின்னோட்ட மாற்றங்களாக ஆக்குகின்றன. அம்மாற்றங்களை மின்பெருக்கி வலுப்படுத்துகிறது. ஒலிபெருக்கி மீண்டும் ஒலியாக்குகிறது. ஆகவே, மின்கிட்டாரின் குடம் அதன் உடலை விட்டுப் பிரிந்து, கம்பி வழியே இணைந்த தனிப்பெட்டியாக நிற்கிறது என்று கொள்ளலாம்.

பெட்டி ஏன் தேவை?

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்புறக் காற்று நெருக்கமடைகிறது. அதே நேரத்தில் பின்புறக் காற்று நெகிழ்வடைகிறது. இவ்விரு அலைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை. தடையின்றிச் சந்தித்தால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும்.

எல்லா ஒலிகளும் இவ்வாறு அழிவதில்லை. கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. காற்றில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 345 மீட்டர் எனக் கொண்டால், அவ்வொலியின் அலைநீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர். 12 அங்குலக் கூம்பின் குறுக்களவோ 30 செ.மீ. அளவினது. இத்துணை நீண்ட அலை கூம்பின் விளிம்பை எளிதில் வளைந்து கடந்து, எதிர்ப்பக்க அலையோடு கலந்து அழிகிறது. நொடிக்கு 5000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 7 செ.மீ. மட்டுமே, அது பெரும்பாலும் நேராகவே செல்கிறது. பெட்டியில்லாத ஒலிபெருக்கி கீச்சென்று ஒலிப்பதன் காரணம் இதுவே.

இதனை வகுப்பறையிலேயே சோதிக்கலாம். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாடலை ஒலிக்கச் செய்க. பின்னர், நடுவில் துளையிட்ட அகன்ற அட்டை ஒன்றின் துளையோடு அதனைச் சேர்த்துப் பிடிக்க. அதுவரை கேளாதிருந்த தாழ்ந்த ஒலிகள் உடனே எழுவதைக் கேட்கலாம். அட்டை புதிதாக எந்த ஒலியையும் உண்டாக்கவில்லை. முன்னலையையும் பின்னலையையும் பிரித்து வைத்தது. பெட்டியின் முதற்பணியும் இதுதான்.

மூவகைப் பெட்டிகள்

பின்னலையை நடத்தும் முறையைக் கொண்டு பெட்டிகளை மூன்றாக வகுக்கலாம்.

முதல்வகை மூடிய பெட்டி. பின்னலை உள்ளேயே அடைபடுகிறது. உள்ளிருக்கும் காற்று ஒரு சுருள்வில்லைப் போலக் கூம்பைத் தாங்குகிறது. அமெரிக்கரான எட்கர் வில்ச்சூர் 1954ஆம் ஆண்டு இக்காற்று வில்லையே பயன்படுத்திச் சிறிய பெட்டியிலும் தாழ்ந்த ஒலியை எழச் செய்தார்.

இரண்டாம் வகை துளைக்குழாய்ப் பெட்டி. கடம் வாசிக்கும் கலைஞர் பானையின் வாயைத் தம் வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் நாதத்தை மாற்றுவதைக் கண்டிருப்பீர்கள். மானாமதுரைக் குயவர் வனையும் கடத்தில், உள்ளிருக்கும் காற்றும் அதன் வாயும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. அதே விதிப்படி, பெட்டியின் கொள்ளளவுக்கு ஏற்ற குழாயைப் பொருத்தினால் பின்னலையின் ஒரு பகுதி முன்னலைக்குத் துணையாக வெளிவரும். இதற்கான கணக்கை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961ஆம் ஆண்டு வகுத்தளித்தார்.

மூன்றாம் வகை பின்திறப்புப் பெட்டி. இதன் பின்புறம் பாதியளவே மூடப்பட்டிருக்கும். மிகத் தாழ்ந்த ஒலிகள் சற்றுக் குறையும். ஆயினும் ஒலி அறையின் எல்லாப் பக்கமும் பரவும். செய்வதற்கும் இதுவே எளியது.

தெரியுமா?
கம்பிச்சுருளும் காந்தமும் கூம்பை அசைக்கும் இன்றைய ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

கிட்டார்ப் பெட்டியின் தனித்தன்மை

பாடல் கேட்பதற்கான பெட்டி தான் பாடக் கூடாது. பதிவு செய்த ஒலியை அவ்வாறே தருவது அதன் கடமை. அதன் பலகை அதிர்ந்தால் பாடலில் இல்லாத ஓர் ஒலி சேர்ந்துவிடும். வீணையின் குடத்துக்கு நிறைவாக இருக்கும் பண்பு இங்கே குறையாகிறது.

கிட்டார்ப் பெட்டி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது ஒலியைக் கடத்தும் கருவியாக மட்டுமின்றி இசைக்கருவியின் ஒரு பகுதியாகவும் இருக்கிறது. வானொலி பழுதுநீக்கும் கடை நடத்திய லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர், 1940களில் பின்திறப்புப் பெட்டிகளோடு கூடிய கிட்டார்ப் பெருக்கிகளை உருவாக்கத் தொடங்கினார். 1960களில் இலண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், நான்கு 12 அங்குல ஒலிபெருக்கிகளை மூடிய பெட்டியில் அமைத்தார். முன்னவர் கருவி பழுது பார்த்தவர். பின்னவர் முரசுகள் வாசித்தவர். பணிமேசையில் கேட்டும் திருத்தியும் அவர்கள் உருவாக்கிய பெட்டிகளின் ஒலியே உலகெங்கும் கிட்டாரின் ஒலியாக அறியப்பட்டது.

மரமும் அளவும்

பள்ளிச் செயல்திட்டத்துக்கு 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்றைத் தாங்கும் பின்திறப்புப் பெட்டி ஏற்றது. அதற்குப் பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையே பொருந்தும். இயற்கை மரம் மழைக்காலத்தில் இழையின் குறுக்கே விரியும், கோடையில் சுருங்கும். ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத்தாள்கள் ஒன்றன் இழைக்குக் குறுக்காக மற்றொன்று வருமாறு அடுக்கி ஒட்டப்படுவதால் அவ்வசைவு பெரிதும் தடுக்கப்படுகிறது. திண்டுக்கல் சமவெளியின் கோடையைத் தாங்க வேண்டிய பெட்டிக்கு இது இன்றியமையாதது.

வெளியளவு: அகலம் 50 செ.மீ., உயரம் 45 செ.மீ., ஆழம் 28 செ.மீ. பலகையின் தடிமன் 1.8 செ.மீ. எனில் தேவையான துண்டுகள் வருமாறு:

மேற்பலகை, அடிப்பலகை: 50 × 28 செ.மீ., இரண்டு.
பக்கப்பலகை: 41.4 × 28 செ.மீ., இரண்டு.
ஒலிபெருக்கி பொருத்தும் முகப்புப்பலகை: 46.4 × 41.4 செ.மீ., ஒன்று.
பின்பலகை, 1.2 செ.மீ. தடிமனில்: 46.4 × 13.7 செ.மீ., இரண்டு.

பக்கப்பலகையின் உயரம் 41.4 செ.மீ. ஆனது எவ்வாறு? மொத்த உயரமான 45 செ.மீ.இலிருந்து மேற்பலகை, அடிப்பலகை ஆகியவற்றின் தடிமனான 3.6 செ.மீ. கழிந்தது. பலகையின் தடிமனைக் கழிக்க மறப்பதே தொடக்கநிலையினர் பலரும் செய்யும் பிழை. பின்பலகைகளை மேலும் கீழும் பொருத்தினால் நடுவே 14 செ.மீ. திறப்பு இருக்கும்.

முகப்புப்பலகை முன்விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளடங்கி இருக்கட்டும். அவ்விடைவெளியில் துணி கட்டிய சட்டம் அமரும். இவ்வாறு கழித்தால் உள்ளாழம் 24 செ.மீ. உள்ளகலம், உள்ளுயரம், உள்ளாழம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 46,100 கன செ.மீ., அதாவது 46 லிட்டர் கிடைக்கும்.

அறுத்தலும் இணைத்தலும்

கோடு கிழிக்கும்முன் இருமுறை அளக்க வேண்டும். மூலைமட்டம் கொண்டு ஒவ்வொரு மூலையின் செங்கோணத்தையும் சரிபார்க்க வேண்டும். பெட்டியைக் கூட்டிய பின்னர் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பார்க்கலாம்; அவை சமமாயின் பெட்டி சதுரித்து நிற்கிறது என்பது பொருள். கணித வகுப்பில் செவ்வகத்தின் பண்பாகப் படித்த செய்தி இங்கே தச்சரின் சோதனையாகிறது.

முகப்பில் ஒலிபெருக்கிக்கான வட்டத்தைக் கவராயத்தால் வரைய வேண்டும். ஒலிபெருக்கியின் விளிம்பு பலகைமீது அமர வேண்டுமாதலால் துளை அதன் வெளிவிட்டத்தைவிடச் சிறியதாக, ஏறத்தாழ 28 செ.மீ. விட்டமுடையதாக இருக்கும். கையிலுள்ள ஒலிபெருக்கியை அளந்த பின்னரே இவ்வளவை உறுதி செய்க. அறுத்த விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும்.

இணைப்புகளில் மரப்பசை தடவி, உள்மூலைகளில் 2 செ.மீ. சதுரக் கட்டைகளை வைத்துத் திருகாணிகளால் இறுக்க வேண்டும். பசை முழுதும் உலரும்வரை பெட்டியை அசைக்கக் கூடாது. ஆசிரியர் அல்லது தச்சர் உடனிருக்கும்போது மட்டுமே மின்ரம்பத்தை இயக்குக. கண்காப்புக் கண்ணாடியும் மூக்கு மறைப்பும் அணிக. மின்பெருக்கியின் உட்பகுதியைத் திறக்க வேண்டாம். அதனுள் உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் இருக்கலாம்.

ஒலித்துப் பார்த்தல்

1.5 வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளையும் ஒலிபெருக்கியின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் கூம்பு சற்று அசையும். நேர்முனைகள் சேர்ந்திருப்பின் அது முன்னோக்கி நகரும். ஒலிபெருக்கியில் குறித்துள்ள ஓம் அளவும் மின்பெருக்கி ஏற்கும் அளவும் பொருந்துகின்றனவா எனப் பார்த்து இணைக்க வேண்டும்.

முதல் சுரத்தை மீட்டும்போது பெட்டி எங்கேனும் ‘கிர்ர்’ என்று நடுங்கக்கூடும். ஒரு திருகாணி தளர்ந்திருக்கலாம். ஓரிடத்தில் பசை பிடிக்காமல் இருக்கலாம். கையால் ஒவ்வொரு பலகையையும் அழுத்திப் பார்த்து அவ்விடத்தைக் கண்டறிய வேண்டும். தேர்வுத்தாளில் நேர்ந்த பிழைக்குச் சில மதிப்பெண்கள் குறையும். அதனோடு அது முடிந்துவிடும். மரவேலையில் நேர்ந்த பிழை, திருத்தும்வரை ஒவ்வொரு முறையும் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதனைத் தேடிக் கண்டு திருத்தும் பொறுமை இச்செயல்திட்டம் தரும் பெரும்பேறு.

ஒலியை எழுப்பக் கற்றவர் அதனை அடக்கவும் கற்க வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகற்பொழுதின் ஒலியளவு வரம்பு 55 டெசிபல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி இயக்கத் தடை உண்டு.

கையும் கல்வியும்

கைத்தொழில் வழியாகவே கணிதமும் அறிவியலும் மொழியும் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் ஆதாரக் கல்வித் திட்டம், 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகளால் முன்வைக்கப்பட்டது. அந்நெறியில் பற்றுக்கொண்ட டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947ஆம் ஆண்டு சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். இன்று அது பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது.

அதே மண்ணில்தான் திண்டுக்கல் பூட்டும் பிறக்கிறது. கைத்திறனால் பெயர்பெற்ற அப்பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. சாவி திரும்பும்வரை அரத்தால் தேய்த்துப் பொருத்தும் கொல்லருக்கும், மூலை பொருந்தும்வரை இழைக்கும் தச்சருக்கும் தேவைப்படுவது ஒரே கூர்மைதான். அவர்கள் கையில் இருக்கும் அறிவு பெரும்பாலும் எந்த நூலிலும் எழுதப்படவில்லை. படித்தவர் அதனைக் கேட்டு எழுதாவிடில் அது அவர்களோடே மறையும்; அவர்களைத் தாழ்வாக எண்ணுவோர்க்கு அது என்றும் கிட்டாது. ஆகவே இப்பெட்டியைச் செய்யும்போது ஊர்த் தச்சர் ஒருவரை வகுப்பறைக்கு அழையுங்கள். ஆசிரியர் இருக்கையில் அவரை அமரச் செய்து, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்த் தச்சர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் பயன்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. பாடத்தில் கூறிய அட்டைச் சோதனையைச் செய்து, கேட்ட வேறுபாட்டைப் பத்து வரிகளில் எழுதுக.
3. உள்ளாழத்தை 30 செ.மீ. ஆக மாற்றினால் பெட்டியின் கொள்ளளவு என்னவாகும் எனக் கணக்கிடுக.
4. ‘வீணையின் குடமும் ஒலிபெருக்கிப் பெட்டியும்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாற்றுக.