தோழியரும் திருநாளும்

நுழையும்முன்

இளம்பெண் ஒருத்தி விடியுமுன் வீட்டை விட்டு வெளியே வருகிறாள். அவளுடன் தோழியர் பலர் இருக்கின்றனர். எல்லாரும் ஒன்றுகூடி நீர்த்துறைக்குச் செல்கின்றனர், பாடுகின்றனர், ஒருத்தியை ஒருத்தி கேலி செய்கின்றனர். ஊர் அதனைத் தடுக்கவில்லை, வாழ்த்துகிறது. தமிழிலக்கியத்தில் இக்காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. மதுரை மாநகரின் வைகைக் கரையிலும் வில்லிபுத்தூரின் மார்கழி விடியலிலும் பெண்கள் கொண்டாடிய திருநாள்களை இக்கட்டுரை விளக்குகிறது.

வைகைத் துறையில் ஒரு மாநகரம்

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய பரிபாடல், மதுரை என்னும் பெருநகரத்தின் பொழுதுபோக்கைச் சொல்லும் நூல். எழுபது பாடல்களுள் இருபத்திரண்டே இன்று முழுமையாகக் கிடைக்கின்றன. அவற்றுள் எட்டு வையைக்கு உரியவை. ஆற்றில் புதுப்புனல் வந்தது என்ற செய்தி பரவியவுடன் நகரமே கரையை நோக்கித் திரள்கிறது. பெண்கள் பிடியானைமீதும் குதிரைமீதும் வண்டிகளிலும் வருகின்றனர். சாந்து, சுண்ணம், மலர், நறுநெய் எனப் பல பொருள்களைச் சுமந்து வருகின்றனர். நீரைப் பீச்சி விளையாடுவதற்குச் சிவிறி என்னும் கருவியும் கையில் உண்டு.

பொன்னால் செய்த நண்டு, இறால், வாளை முதலிய உருவங்களை ஆற்றில் இட்டு, 'விளைக, பொலிக' என வாழ்த்தும் வழக்கமும் அங்கிருந்தது. கேளிக்கைக்கு வந்த நகரத்துப் பெண்கள் உழவருடைய வயலை நினைத்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

கூட்டம் என்றால் பூசலும் உண்டு. தலைவியின் காணாமற்போன அணிகலன்களை ஒரு பரத்தை அணிந்து வருவதைத் தலைவியின் தோழியர் கண்டுவிடுகின்றனர். நீராட வந்த இடத்தில் சொற்போர் மூள்கிறது. வேடிக்கை பார்க்கவும் அமைதிப்படுத்தவும் ஊரார் கூடுகின்றனர். ஒருத்தியின் துயரத்தை அவளுக்கு முன்பே அறிந்துகொண்டு வழக்குரைக்க வந்துவிடுபவர்கள் தோழியர். நகர வாழ்க்கையில் அவளுக்கு வாய்த்த முதல் வழக்கறிஞர்கள் அவர்களே எனலாம்.

வையைப் பாடல்களுள் நல்லந்துவனார் இயற்றிய பதினோராம் பாடல் இளங்கன்னியரின் நோன்பைத் தனியே பேசுகிறது. மாரிக்காலம் கழிந்தபின், மார்கழித் திருவாதிரையில் அந்தணர் விழாத் தொடங்குகின்றனர். மூத்த பெண்கள் முறைமை காட்ட, இளம்பெண்கள் பனிவாடை வீசும் விடியலில் நீராடுகின்றனர். இது 'அம்பா ஆடல்' எனப்பட்டது. தைந்நீராடல் என்றும் வழங்கிற்று. அவர்களுடைய வேண்டுதல், அகன்ற நிலம் வெயிலால் வெம்பாதிருக்க வேண்டும் என்பது. அப்பெண்கள் தத்தம் தாயரின் அருகே நின்று நோன்பாற்றினர் என்று புலவர் குறிக்கிறார். இக்குறிப்பை நினைவில் கொள்க. இதற்குத் திரும்ப வருவோம்.

தோழி சொன்னதும் கண்ணகி மறுத்ததும்

புகார் நகரில் இந்திர விழா இருபத்தெட்டு நாள் நடந்தது. அப்பெருவிழா நகரில் கண்ணகி தனியே இருந்தாள். அவள் துயரறிந்த தோழி தேவந்தி, கடலோடு காவிரி கலக்கும் இடத்திலுள்ள சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனைக் கூடி இன்புறலாம் என்று வழி சொல்கிறாள். அது தனக்குப் பெருமை தராது என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். பின்னாளில் வில்லிபுத்தூர்க் கோதையோ தான் விரும்பியவனை அடையக் காமதேவனைத் தை மாதம் முழுவதும் நோன்பிருந்து தொழுததாக நாச்சியார் திருமொழியைத் தொடங்குகிறாள். ஒருத்தி மறுத்ததை மற்றொருத்தி ஏற்றாள். இருவருள் யார் செய்தது சரி என்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. நோன்பை ஏற்பதும் விலக்குவதும் அப்பெண்ணின் முடிவாக இருந்தது என்பதே இங்கு நாம் அறியத்தக்கது.

கண்ணகி பங்குகொள்ளாமல் பார்த்திருந்த கொண்டாட்டம் ஒன்றும் உண்டு. மதுரையின் புறஞ்சேரியில் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஏற்றின் கண்கள் நீர் சொரிந்தன. இத்தீக்குறிகளைக் கண்ட மாதரி, கன்றும் கறவையும் துயர் நீங்கவேண்டிக் குரவைக்கூத்து ஆடுவோம் என்கிறாள். ஆயர்குலக் கன்னியர் எழுவருக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசையின் பெயர்களை இடுகிறாள். ஒருத்தி மாயவன், ஒருத்தி பலராமன், ஒருத்தி நப்பின்னை. கைகோத்து வட்டமாக நின்று அவர்கள் ஆடிய ஆட்டமே ஆய்ச்சியர் குரவை. ஆட்டம் முடிந்து மாதரி வையையில் நீராடப் போன வேளையில், கோவலன் கொலையுண்ட செய்தி நகருக்குள்ளிருந்து வருகிறது. சிலப்பதிகாரத்தில் பெண்களின் கொண்டாட்டத்திற்கு இவ்வளவு அருகில் துன்பம் நிற்கும் இடம் வேறில்லை.

வில்லிபுத்தூரின் விடியல்

மதுரையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில், மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ளது திருவில்லிபுத்தூர். பெரியாழ்வாரின் நந்தவனத்தில் துளசியின் அடியில் கண்டெடுக்கப்பட்ட குழந்தையே கோதை என்பது மரபு. ஆடிப் பூரம் அவளது திருநாள். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143 என அவள் பாடியவை 173 பாசுரங்கள். வெள்ளி எழுந்து வியாழன் மறைந்ததாகத் திருப்பாவையில் வரும் குறிப்பைக் கொண்டு மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தை எட்டாம் நூற்றாண்டு எனக் கணித்தார். வேறு கணிப்புகளும் உள.

திருப்பாவையை இறைவனைப் பாடும் நூலாகவே நாம் அறிவோம். அது பொருத்தமே. ஆயினும் முப்பது பாசுரங்களுள் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாசுரங்கள், உறங்கும் தோழியரை எழுப்புவதற்கே செலவிடப்பட்டுள்ளன. நூலின் மூன்றில் ஒரு பங்கு இது. பறவைகளின் ஒலியும் தயிர் கடையும் ஓசையும் கேட்டபின்னும் எழாத பெண். சுற்றிலும் விளக்கெரியும் மாடத்தில் மெத்தைமீது துயிலும் மாமன் மகள். கும்பகருணனே தோற்றுத் தன் உறக்கத்தைக் கொடுத்துச் சென்றானோ என்று கேலிக்கு ஆளாகும் பெண். எருமைகள் சொரிந்த பாலால் முற்றம் சேறாகிவிட்ட வீட்டின் செல்வச் சிறுமி என ஒவ்வொருத்திக்கும் ஒரு முகம் உண்டு. 'உங்களையெல்லாம் நானே வந்து எழுப்புவேன்' என்று முந்தைய நாள் வாய்வீரம் பேசியவளும் இவர்களுள் இருக்கிறாள். அவள் வீட்டுப் புழைக்கடைக் குளத்தில் செங்கழுநீர் மலர்ந்து ஆம்பல் கூம்பிவிட்டது, அவளோ எழவில்லை. பதினைந்தாம் பாசுரம் உள்ளிருப்பவளும் வெளியில் நிற்பவர்களும் மாறிமாறிப் பேசும் உரையாடல். 'எல்லாரும் வந்தாயிற்றா?' என்று உள்ளிருப்பவள் கேட்க, 'வந்து எண்ணிப் பார்த்துக்கொள்' என்கிறார்கள்.

ஒருத்தியைக்கூட விட்டுவிட்டுச் செல்ல மாட்டோம் என்பதே இப்பத்துப் பாசுரங்களின் பிடிவாதம். செல்வ வீட்டுப் பெண்ணுக்கும் சோம்பலுடையவளுக்கும் வாய்ப்பேச்சுக்காரிக்கும் அழைப்பு ஒன்றே. பெரியவாச்சான் பிள்ளை முதலிய உரையாசிரியர்கள் இதில் ஆழ்ந்த சமயப் பொருளைக் கண்டனர். எழுப்பப்படும் பதின்மரை ஆழ்வார்களாகக் கொள்ளும் மரபும் பின்னர் எழுந்தது. அவ்வுரைகளின் நுட்பம் வியக்கத்தக்கது. எனினும், உட்பொருளை அறிவதற்கு முன்பு கதவருகில் நிற்கும் பெண்களின் குரலைக் கேட்டுவிடுவது நல்லது. குரல் கேட்காமல் தத்துவம் மட்டும் கற்றவனுக்குத் திருப்பாவையின் நகைச்சுவை புலப்படாது.

பரிபாடலில் கன்னியர் தாயரின் அருகே நின்று நோற்றனர் என்று கண்டோம். திருப்பாவையில் தாயர் வீட்டுக்குள் இருக்கின்றனர். மாமியை நோக்கி, 'உன் மகளை எழுப்ப மாட்டாயா? அவள் ஊமையா, செவிடா?' என்று கேட்கின்றனரே தவிர, அவரை உடன் வருமாறு அழைக்கவில்லை. இருள் பிரியாத வேளையில் தோழியர் தாமே திரண்டு, தெருத் தெருவாகச் சென்று, நந்தகோபனின் வாயிற்காவலனிடம் பேசிக் கதவைத் திறக்கச் செய்கின்றனர். நோன்பு என்னும் பெயரால் அவ்வேளையும் அத்தெருவும் அவர்களுக்கு உரியவையாயின. ஊர் இதற்கு இசைந்ததற்குக் காரணமும் பாடலிலேயே உள்ளது: நோன்பு நோற்றால் திங்கள்தோறும் மும்மாரி பெய்யும், நெல் ஓங்கும், பசுக்கள் குடம் நிறைக்கும். பெண்களின் மகிழ்ச்சியும் ஊரின் நன்மையும் ஒரே வேண்டுதலில் பிணைக்கப்பட்டதால் தடை சொல்வார் இலர்.

நோன்பின் விதிகள் இரண்டாம் பாசுரத்தில் தன்மைப் பன்மை எதிர்மறை வினைமுற்றுகளாக அடுக்கப்படுகின்றன. நெய்யும் பாலும் விலக்கு. கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் விலக்கு. பிறர்மீது கோள் சொல்வதும் விலக்கு. இளம்பெண்கள் கூடும் இடத்தில் கடைசி விதியே கடினமானது என்று புன்னகையுடன் சொல்லத் தோன்றுகிறது. விலக்கியவை யாவும் இருபத்தேழாம் பாசுரத்தில் திரும்புகின்றன. சூடகம், தோள்வளை, தோடு, செவிப்பூ, பாடகம் என அணிகள் வரிசையாக வருகின்றன, புத்தாடை வருகிறது, முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோற்றை எல்லாரும் சேர்ந்து உண்கின்றனர். தனித்தனியே துறந்ததைக் கூடிப் பெறுதலே அங்கு விருந்து. மார்கழி 27ஆம் நாள் இன்றும் 'கூடாரவல்லி' என்று கொண்டாடப்படுகிறது; அன்று வீடுகளில் அக்காரவடிசில் படைப்பர்.

திருப்பாவை 'நாம்' என்று பேசும் நூல் என்றால், நாச்சியார் திருமொழி பெரிதும் 'நான்' என்று பேசுவது. அங்கும் தோழி இல்லாமல் இல்லை. மணலில் சிற்றில் கட்டி விளையாடும் சிறுமியர், குளக்கரையில் ஆடை இழந்து வேண்டி நிற்கும் பெண்கள், கண்ணை மூடி மணலில் வட்டம் வரைந்து குறி பார்க்கும் கூடல் விளையாட்டு என ஒரு பெண்ணின் வளர்பருவம் பதிகந்தோறும் நகர்கிறது. ஆறாம் திருமொழியில் தன் திருமணக் கனவை முழுமையாக அவள் எடுத்துரைப்பதும் தோழி ஒருத்தியிடமே. வைணவத் திருமணங்களில் இன்றும் ஓதப்படும் அப்பாசுரங்களை, கனவைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தோழியின் இடத்தில் இருந்துதான் நாமும் கேட்கிறோம்.

தெரிந்து தெளிவோம்

திருப்பாவையைப் போன்றே மாணிக்கவாசகர் அருளிய திருவெம்பாவையும் (20 பாடல்கள்) தோழியரை எழுப்பும் பாடல்களைக் கொண்டது. தாய்லாந்து நாட்டு அரசவை அந்தணர்கள் நடத்தும் 'திரியம்பாவாய்' விழாவில் இப்பாவைப் பாடல்கள் ஓதப்படுகின்றன. அவ்விழாவின் பகுதியாகப் பாங்காக் நகரில் நடைபெற்ற ஊஞ்சல் சடங்கு 1935இல் நிறுத்தப்பட்டது. பெரிய ஊஞ்சற்கம்பம் இன்றும் நிற்கிறது.

மாலையும் மணியோசையும்

ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் வில்லிபுத்தூரிலிருந்து புறப்படுகிறது. சித்திரைப் பெருவிழாவில் வைகையாற்றில் இறங்கும் கள்ளழகர் அம்மாலையை அணிகிறார். புரட்டாசியில் திருமலைக்கும் அது செல்கிறது. மார்கழியில் வில்லிபுத்தூரில் எண்ணெய்க்காப்பு உற்சவமும் திருமுக்குளத்தில் நீராட்டமும் நிகழ்கின்றன. பரிபாடல் மகளிர் ஆடிய அதே ஆற்றங்கரைக்கு, பாவை பாடிய பெண்ணின் மாலை ஆண்டுதோறும் சென்று சேர்கிறது.

வில்லிபுத்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவிலுள்ள இராஜபாளையம் பஞ்சாலை நகரம். பி.அ.சி. இராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் அந்நகரின் தொழில் வளர்ச்சியில் முதன்மையானது. இவ்வட்டாரத்துச் சிற்றூர்ப் பெண்கள் பலர் நூற்பாலைகளில் வேலை செய்கின்றனர். விடியல் நேரம் யாருக்கு உரியது என்ற வினா இங்கு வேறொரு வடிவம் கொண்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பெண்கள் ஆலையில் பணிபுரியலாம் என்று வரையறுத்தது. பாதுகாப்புக்காக என்று வகுக்கப்பட்ட அவ்விதி, பெண்களுக்கு வேலைவாய்ப்பில் சமத்துவத்தை மறுக்கிறது என்று கூறிச் சென்னை உயர்நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் அதனைச் செல்லாததாக்கியது. இரவுப் பணியில் பெண்களைக் குழுவாக அமர்த்த வேண்டும், போக்குவரத்து வசதி செய்து தர வேண்டும் முதலிய நிபந்தனைகளையும் விதித்தது. இருளில் வெளியே வரும் பெண்ணுக்குத் துணையாகப் பெண்கள் கூட்டமே வேண்டும் என்பதைச் சட்டமும் ஒப்புக்கொண்டது போலும்.

இவ்விரு ஊர்களிலிருந்தும் படிப்புக்கும் பணிக்கும் சென்னை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களுக்குச் சென்று விடுதிகளில் தங்கும் பெண்கள் இன்று பலர். பொங்கலுக்கு ஊர் திரும்ப இயலாதவர்கள் விடுதி முற்றத்திலேயே கோலமிட்டுப் பானை வைக்கின்றனர். வேறு மாவட்டத்துத் தோழி தன் ஊர் வழக்கப்படி பொங்கலில் எதைச் சேர்ப்பது என்று வாதிடுகிறாள். பிறந்தநாளோ, மார்கழி இசைக் கச்சேரியோ, கடற்கரையோ, மாலையில் எங்கேனும் புறப்படும்போது ஊரிலிருந்து அலைபேசியில் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "கூட யாரெல்லாம் வர்றாங்க?" என்பதே. மகள் ஒவ்வொரு தோழியின் பெயராகச் சொல்லத் தொடங்குகிறாள்.