ஐந்து பிள்ளைகளின் தாய், பொலிஸ் சார்ஜன்ற்

காக்கிச் சட்டையும் குண்டாந்தடியுமாக மீசை முறுக்கி நிற்கும் ஓர் ஆடவனின் உருவமே, பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நம்முட் பலருக்கு மனக்கண் முன் தோன்றும். ஆனால் 1891ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சிக்காகோ நகரில், மார்பில் பொலிஸ் வில்லையும் கைதுசெய்யும் அதிகாரமும் சார்ஜன்ற் பதவியும் பெற்றிருந்தார் ஒரு கைம்பெண். ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாய் அவர். மரீ ஓவன்ஸ் என்னும் அந்த அம்மையாரைப் பற்றியே இன்று எழுத விரும்புகின்றோம்.

அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிக் கனடாவிற் குடியேறிய பெற்றோருக்கு 1853ஆம் ஆண்டில் ஒட்டாவா நகரிலே பிறந்தவர் மரீ. மணம் முடித்தபின் கணவருடன் சிக்காகோவுக்கு வந்து குடித்தனம் நடத்தினார். 1888ஆம் ஆண்டில் நெருப்புக் காய்ச்சல் கணவரைக் கொண்டுபோய்விட்டது. அதுவரை ஒரு சதமேனும் தம் கையால் உழைத்தறியாத அவருக்கு, இனி ஐந்து வாய்களுக்கும் தாமே சோறு போட வேண்டிய நிலை வந்துற்றது.

அக்காலத்துச் சிக்காகோவைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். புகைபோக்கிகள் காடாய் எழும்பிய நகரம் அது. தைத்தற் கூடங்களிலும் பெருங் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் பள்ளி செல்ல வேண்டிய பாலகர்கள் நாள் முழுவதும் நின்று வேலை செய்தார்கள். பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தலாகாது என்று நகரசபை விதி செய்தபோது, அதனை நிறைவேற்றிவைக்கச் சுகாதாரப் பகுதியினர் 1889ஆம் ஆண்டில் ஐந்து பெண்களைப் பரிசோதகர்களாக நியமித்தனர். மாதச் சம்பளம் 50 டொலர். அவ்வைவருள் ஒருவர் மரீ. இரண்டு ஆண்டு கழிந்ததும், அவருடைய திறமையைக் கண்ட பொலிஸ் அதிபர் அவரைத் தம் பகுதிக்கே எடுத்துச் சார்ஜன்ற் ஆக்கினார்.

இங்கேதான் அவருடைய உத்தியோகத்தின் சங்கடம் தொடங்குகின்றது. பாலகனை வேலைத்தலத்திலிருந்து வெளியேற்றுவது எளிது. சட்டம் கையில் இருக்கின்றது. ஆனால் அவன் கொண்டுவரும் சில காசு நின்றுவிட்டால், அன்றிரவு அவன் வீட்டில் அடுப்பு எரியுமா? வயதைக் கூட்டிச் சொல்லிப் பொய்ச் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோரே. அவர்களிற் பலர் பணத்தாசை பிடித்தவர் அல்லர். நோயாளித் தந்தைமார், கணவனை இழந்த தாய்மார். அத்தகைய வாசலொன்றில் விதவைத் தாயொருத்தியின் முன் சட்டத்தின் பெயரால் நின்றவரும் ஒரு விதவைத் தாயே என்பதை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு கனக்கின்றது. தமக்கு அவ்வுத்தியோகம் கிடைத்திராவிட்டால் தம் பிள்ளைகளும் அக்கூடங்களில் நின்றிருக்கக்கூடும் என்பது அவருக்குத் தெரியாததன்று.

அவர் சட்டத்தையும் விட்டாரில்லை, வீட்டையும் விட்டாரில்லை. சிறுவர்களை வெளியேற்றினார், அதன்பின் தம் கைப்பையைத் திறந்தார். பல ஆண்டு கழிந்து பத்திரிகையொன்றுக்குப் பேட்டியளித்தபோது, இல்லாதவர்க்குச் சிறிது சிறிதாகக் கொடுத்ததே தம்மை ஏழையாக வைத்திருக்கின்றது என அவர் கூறினார். சம்பளத்தை எண்ணி வாங்கும் ஒருவர் இவ்வாறு செய்வது புத்திசாலித்தனமா என்று வீட்டுக் கணக்கு எழுதும் வாசகியர் கேட்கலாம். புத்திசாலித்தனம் அன்றுதான். எனினும் அவருடைய பிள்ளைகள் ஐவரும் அதனாற் பட்டினி கிடந்தார்களல்லர். தந்தையற்ற குடும்பங்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கும் சட்டம் இல்லினோய் மாநிலத்தில் 1911ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதுவரை அந்த வீடுகளுக்குத் தருமமும் அயலாரின் இரக்கமுமே துணை.

பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் ஆண் உத்தியோகத்தர்கள் அவருடைய துணையை நாடினர். அவரைப் போன்ற ஆண்கள் தமக்குக் கிடைத்தால் உலகத்துக்கே முன்மாதிரியான துப்பறியும் பகுதியொன்றை அமைத்துவிடலாம் என்று மேலதிகாரி ஒருவர் கூறியதும் உண்டு. பாராட்டுத்தான், ஆனாலும் ஆண்களைக் கொண்டே அளந்தார், பாருங்கள்!

முப்பத்திரண்டு ஆண்டு பொலிஸ் சேவைக்குப் பின் 1923ஆம் ஆண்டில் மரீ ஓவன்ஸ் இளைப்பாறினார். அப்போது வயது எழுபதை நெருங்கியிருந்தது. மகளோடு வாழ நியூயோர்க் சென்று, 1927ஆம் ஆண்டில் அங்கே காலமானார். அவருடைய மரண அறிவித்தலில் பொலிஸ் சேவையைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அதனினும் கொடியது வேறொன்று. 1920களில் ஆய்வாளர் ஒருவர், மரீயை மேரி என்னும் வேறொரு பெண்ணோடு மயங்கி, காவலர் ஒருவரின் விதவை என்று எழுதிவைத்துவிட்டார். இறந்த காவலர்களின் மனைவியர்க்கு அனுதாபத்தின்பேரில் சிறு வேலை கொடுப்பது அந்நாள் வழக்கம். இவரும் அவர்களுள் ஒருவர் என்று பின்வந்தோர் எண்ணிப் பக்கத்தைப் புரட்டினர். அமெரிக்காவின் முதற் பொலிஸ் பெண் என்ற பெயர் 1908இல் போர்ட்லாந்தில் நியமனம் பெற்றவருக்கோ, 1910இல் லொஸ் ஏஞ்சல்ஸில் நியமனம் பெற்றவருக்கோ வழங்கி வந்தது.

ஏறத்தாழ எண்பது ஆண்டு கழித்து, போதைப்பொருள் தடுப்புப் பகுதியில் முன்னர் கடமையாற்றிய றிக் பரெற் என்பவர், கடமையின்போது உயிர்நீத்த சிக்காகோப் பொலிசாரைப் பற்றி ஆராய்கையில் இந்தப் பெயரைத் தற்செயலாகக் கண்டார். பழைய பத்திரிகைகளையும் பதிவேடுகளையும் துருவினார். காவலரின் விதவை என்று எழுதப்பட்டிருந்தவரின் கணவர் பொலிஸ்காரரே அல்லர் என்பதும், எரிவாயுக் குழாய் பொருத்தும் தொழிலாளி என்பதும் அப்போதுதான் தெரியவந்தன.