மின்தடைக்குப் பிறகு ஓவன் சூடாகவில்லையா? பழுது என்று முடிவு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரம்: இடிமழையில் தடைபட்ட மின்சாரம் திரும்பியதும் விளக்கு எரிகிறது, மின்விசிறி சுழல்கிறது, ஓவன் மட்டும் சூடாக மறுக்கிறது. துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கேரள வீடுகளில் எழும் இந்தச் சிக்கலுக்கு எல்லா நேரமும் பழுது காரணமாக இருப்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். சமையலறை அலமாரிக்குள் பொருத்தப்படும் ஓவன்கள் பலவற்றில், மின்சாரம் நின்றவுடன் நேரப் பதிவு அழிந்து, திரையில் பூஜ்ஜியங்களோ 12:00 என்ற எண்ணோ மின்னத் தொடங்கும். நேரத்தை மீண்டும் பதிவு செய்யும் வரை அவை சூடாவதில்லை. சிலவற்றில் ‘ஆட்டோ’ நிலையிலிருந்து கைமுறை இயக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மேசை மீது வைக்கும் ஓடிஜி வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் டைமர் பூஜ்ஜியத்தில் நின்றால் மின்சாரம் உள்ளே செல்லாது.

அடுத்தது மின்பலகை. 2,000 வாட் ஓவன், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. ஆகவே அதற்கு 16 ஆம்பியர் பிளக் தேவை. அந்த இணைப்புக்குரிய எம்சிபி விழுந்திருந்தால் ஒரு முறை மேலே தள்ளிப் பார்க்கலாம். உடனே மீண்டும் விழுந்தால் அதை வலிந்து நிறுத்தி வைப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கும்.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடுகளில் ஒரு ஃபேஸ் மட்டும் வராமல் போவதுண்டு. விளக்குகள் ஒரு ஃபேஸிலும் ஓவன் வேறொன்றிலும் இருந்தால், குறை ஓவனில் இருப்பதுபோலவே தோன்றும். விளக்குகள் வழக்கத்துக்கு மாறாகப் பிரகாசமாகவோ மங்கலாகவோ எரிந்தால் நியூட்ரல் கம்பி அறுந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கேரள மாநில மின்வாரியத்தின் 1912 எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

ஈரமும் ஒரு காரணம். சூடேற்றும் குழலுக்குள் மின்காப்புக்காக மெக்னீசியம் ஆக்சைடு தூள் அடைக்கப்பட்டிருக்கும். மழைக்காலம் முழுவதும் பயன்படுத்தாமல் வைத்த ஓவனில், முனை அடைப்பு தளர்ந்திருந்தால், இத்தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும். பின்னர் ஓவனை இயக்கினால் மின்கசிவு ஏற்பட்டு, வீட்டுக்கான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுந்துவிடும். அதை நீக்கிவிட்டு நேரடி இணைப்பு கொடுப்பது உயிருக்கே ஆபத்தாகும். மின்காப்பைக் கருவி கொண்டு அளந்து பார்ப்பது பழுதுநீக்குநரின் வேலை.

இவை எதுவும் இல்லையெனில், மின்னழுத்த ஏற்றத்தில் கட்டுப்பாட்டுப் பலகையோ, வெப்பக் காப்பு ஃபியூஸோ பழுதாகியிருக்கலாம். கட்டுப்பாட்டுப் பலகையை மாற்றுவதற்கான செலவை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. பழைய ஓவனாக இருந்தால் புதியது வாங்குவதே லாபமாக அமையக்கூடும்.

மின்னலை மாநிலப் பேரிடராகக் கருதும் கேரளத்தில், இடியோசை கேட்கும்போது மின்சாதனங்களின் இணைப்பைத் துண்டிக்குமாறு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தி வருகிறது. சுவிட்சை அணைத்தால் போதாது; பிளக்கையே கழற்ற வேண்டும். எனினும் இடி முழங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிளக்கைத் தொடாமல், அதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும்.

மைக்ரோவேவ் ஓவனின் உறையை மட்டும் வீட்டில் எவரும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் உயர் மின்னழுத்தக் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம்.