தெரிந்த பாட்டு, புதுக் குரல்

அணுபுரம் குடியிருப்பில் எங்கள் மாடிக்கு மேலே ஒரு கல்லூரி மாணவன். மின்விசிறியை நிறுத்தி, செல்போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, வியர்த்தபடி கிடார் வாசித்துப் பாடுகிறான். மூன்றாவது டேக்கில் யார் வீட்டிலோ குக்கர் விசில். மறுபடி முதலிலிருந்து.

பாட்டு, 'என் இனிய பொன் நிலாவே'. 1980-இல் வந்த, இளையராஜாவின் நூறாவது படமான 'மூடுபனி'யில் யேசுதாஸ் பாடியது. "சொந்த மெட்டும் இருக்கு அங்கிள். அதை யார் தேடிக் கேப்பாங்க?" என்றான்.

ஏற்கெனவே வந்த பாட்டைத் தன் குரலில் பாடும் கவர் பாடல்களுக்கான முதல் காரணம் அதுதான். அறியாத குரலுக்கு அறிந்த பாட்டே அறிமுகச் சீட்டு. அந்தக் கால மெல்லிசை மேடையில் "அப்படியே டி.எம்.எஸ்.!" என்பதுதான் பெரிய பாராட்டு. இன்றைய கவர் பாடகருக்கு அதுவே குறை. மெட்டு நமக்கு மனப்பாடம் என்பதால், அவர் எங்கே இழுக்கிறார், எங்கே விடுகிறார் என்பது உடனே பிடிபடுகிறது.

பெயரெடுத்தவர்களும் பழைய பாட்டைத் தேடி வருகிறார்கள். 'அடுத்த வாரிசு' (1983) படத்தில் அப்பா இளையராஜா இசையமைத்த பாடலை யுவன் 'குறும்பு' (2003) படத்துக்கு ரீமிக்ஸ் செய்தார். 'படகோட்டி' (1964) பாடலை 'நியூ' (2004) படத்துக்குக் கொண்டுவந்தார் ரஹ்மான். அவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அடுத்த தலைமுறையின் காதுக்குப் பாட்டைக் கடத்துவதும் படத்துக்குக் கூட்டம் சேர்ப்பதும் ஒரே கல்லில் விழுந்த இரண்டு மாங்காய்கள்.

சட்டமும் கவர் பாடல்களுக்கு வழி விட்டிருக்கிறது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவுப்படி, முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்துக் கவர் ஒலிப்பதிவு செய்யலாம். முன்கூட்டியே அறிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைக் கட்ட வேண்டும். உறையில் மூலப் பாடகரின் பெயரோ படமோ போட்டு ஏமாற்றக் கூடாது.

சினிமாவில் கணக்கு வேறு. இதே 'பொன் நிலாவே'யை 'அகத்தியா' படத்துக்காக இளையராஜாவின் அனுமதியோடு யுவன் மறு உருவாக்கம் செய்தார். உரிமை தங்களுடையது என்று சரிகம நிறுவனம் வழக்குப் போட்டது. 30 லட்சம் ரூபாயை நீதிமன்றத்தில் கட்டிவிட்டுப் பாடலைப் பயன்படுத்தலாம் என்று 2025 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. மெட்டுப் போட்டவரின் சம்மதம் மட்டும் போதவில்லை.

மாடிவீட்டுப் பையன் வீடியோவை ஏற்றிவிட்டான். கீழே இளையராஜா பெயர் இருந்தது, யேசுதாஸ் பெயர் இருந்தது. எழுதிய கங்கை அமரன் பெயரைக் காணோம். சொன்னேன், சேர்த்துவிட்டான். கவர் பாடுகிறவர்களே, பாட்டெழுதியவரையும் மறக்காதீர்கள். ஒரு வரிக்கு மேல் செலவாகாது.