கதிர்வீச்சும் மக்களின் அறியும் உரிமையும்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்த காலத்தில், ஆற்றுநீரின் நிறமே அதற்குச் சாட்சி பகர்ந்தது. பாசன உழவர்கள் நீதிமன்றம் சென்றனர்; 2011 சனவரியில் பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. கதிர்வீச்சுக்கோ நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கருவி அளந்து ஏட்டில் எழுதிய எண் ஒன்றே அதற்குச் சாட்சி. அந்த ஏட்டை அரசு பூட்டி வைத்தால், மக்கள் தமக்கு நேர்ந்த தீங்கை எவ்வாறு அறிவர்?

அமெரிக்காவின் நெவாடா பாலைநிலத்தில் 1951 முதல் 1962 வரை நிலத்தின் மேலே அணுகுண்டுச் சோதனைகள் நடைபெற்றன. அவற்றில் எழுந்த அயோடின்-131 காற்றோடு சென்று புல்லில் படிந்தது. மேய்ந்த பசுவின் பாலில் இறங்கியது. அப்பாலை அருந்திய குழந்தைகளின் தைராய்டுச் சுரப்பியில் தங்கியது. படச்சுருள் கெட்டுவிடாதபடி நிழற்படத் தொழிலாருக்கு அரசு முன்னறிவிப்புக் கொடுத்தது. பால் புகட்டிய தாய்மாருக்கு அத்தகைய அறிவிப்பு கிட்டவில்லை. இக்கேட்டைக் கணக்கிட்டுக் கூறுமாறு 1983இல் அந்நாட்டில் சட்டம் பிறந்தது. தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் அறிக்கை வெளிவந்ததோ 1997இல். அதற்குள் அக்குழந்தைகளுள் பலர் நடுவயதை எட்டியிருந்தனர்.

நம் நாட்டிலும் 1974இலும் 1998இலும் பொக்ரானில் நிலத்தடிச் சோதனைகள் நடந்தன. அணுசக்தி பற்றிய செய்திகள் வெளிவராது தடுக்கும் அதிகாரத்தை 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அரசுக்கு அளித்தது. அந்த இரகசியம் ஆயுதத்தோடு நிற்காமல், மின்சாரம் தரும் உலைகளையும் தழுவிற்று. உலைகளின் பாதுகாப்புக் குறைகள் பற்றிய அறிக்கையைக் கேட்டோரின் வழக்கை 2004இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதன்வழி, கூடங்குளம் உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையை வெளியிடுமாறு 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் பணித்தது. அணுமின் கழகமோ அதனை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

நாட்டின் காவலுக்கென்று சிலவற்றை மறைத்தல் அரசுக்கு உரியதே. ஆயினும், மீனிலும் பாலிலும் குடிநீரிலும் கலந்தது எவ்வளவு என்பது எவ்வாறு படை இரகசியமாகும்? பொதுக் காரியங்களைப் பற்றி உண்மையாக அறிவிக்கப்படுதல் மனிதனின் இயல்பான உரிமை என்று, 1963இல் 'அவனியில் அமைதி' என்னும் சுற்றுமடலில் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் போதித்தார். அணுச்சோதனைகள் தொடர்ந்தால் உலகின் உயிர்களுக்கே கேடு நேரலாம் என்றும் அம்மடலில் எச்சரித்தார்.

ஆகவே, பெற்றோரே, 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் கோரும் மனுவை எழுத உங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். குடிக்கும் நீரின் அளவீடாயினும், காற்றின் அளவீடாயினும், கேட்டுப் பெறுங்கள். அதிகாரிகளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. விளக்கை மரக்காலால் மூடலாகாது என்று கற்றவர்களன்றோ நாம்!